ஏற்காட்டுக் குளிரில் விரல் விறைப்பதும் அப்பா நடுங்காததும்

சேலத்துக்காரன்:
மார்கழிக் கடைசியில் ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். விடியற்காலையில் ஏரிக்கரையில் நின்றபோது ஸ்வெட்டருக்குள் நெஞ்சு கதகதப்பாகவே இருந்தது. விரல்கள் மட்டும் வெளுத்து, சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாதபடி விறைத்துவிட்டன. அரை மணிக்கு ஒருமுறை சிறுநீர் வேறு. 78 வயதான என் அப்பாவோ ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு நடுக்கமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்து உடம்பு உறுதியானது என்று கொள்ளலாமா?

உடலியல் ஆசிரியர்:
விரல் வெளுத்தது கோளாறு அன்று, சிக்கனம். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், இதயமும் மூளையும் அடங்கிய உள்ளுடலை 37 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருப்பதற்காக, கை கால்களின் தோலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் நடு உடலில் ரத்தம் கூடும்போது, உடலில் நீர் மிகுந்துவிட்டதாகக் கொண்டு சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. நீங்கள் அடிக்கடி எழுந்து போனது அதனால்தான். இதுவும் போதாவிட்டால் நடுக்கம் தொடங்கும். ஓய்வில் உண்டாகும் வெப்பத்தைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வரை நடுங்கும் தசைகளால் உண்டாக்க முடியும். மயிர் சிலிர்ப்பது பூனைக்குப் பயன்படும். நமக்கு அது பழைய மிச்சம்.

உங்கள் அப்பா நடுங்காததை உறுதி என்று கொள்ள வேண்டாம். முதுமையில் குளிரை உணர்வது, குழாய்கள் சுருங்குவது, நடுங்குவது ஆகிய மூன்றுமே மந்தமாகின்றன. அடுத்த முறை அவருடைய கையைத் தொட்டுப் பார்ப்பதோடு நிற்காமல் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். வயிறும் சில்லிட்டு, பேச்சு குழறினால், உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போயிருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

காப்பித்தோட்டம்:
காலையில் பழம் பறிக்கப் போகிறவர்கள் இங்கே இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். செடியிலுள்ள பனி பட்டு நனைந்துவிட்டால் எத்தனை துணி உடுத்தியும் குளிர் விடாது. மாலையில் சிலர் குளிருக்காக என்று ஒரு கிளாஸ் போடுவதும் உண்டு. அது உதவுமா?

உடலியல் ஆசிரியர்:
உதவாது. சாராயம், சுருங்கிய தோல் குழாய்களை விரியச் செய்வதால் தோல் சுடுவதுபோல் தோன்றும். உள்ளிருக்கும் வெப்பமோ அந்த வழியாகவே வெளியேறும். பிளாஸ்டிக் தாள் சரியான ஏற்பாடு. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது.

சேலத்துக்காரன்:
நன்றி ஐயா. இன்று அப்பாவிடம் கேட்டேன். அன்றைக்குத் தமக்குக் குளிரவே இல்லை என்கிறார்.