தினமும் மனசைக் கவனிக்க எந்த ஆப் நல்லது? (ஏற்காட்டிலிருந்து)

காப்பித் தோட்டக் கணக்கர்:
பழம் பறிக்கும் பருவம் வந்துவிட்டால் கூலிக் கணக்கை முடித்துவிட்டுப் படுக்க ரொம்ப நேரமாகிவிடுகிறது, மறுநாள் முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். நோய் என்று எதுவும் இல்லை. நேரத்துக்குத் தூங்க, கொஞ்சம் நடக்க, அன்றைக்கு மனசு எப்படி இருந்தது என்று குறித்து வைக்க ஒரு ஆப் வேண்டும். மலையில் சிக்னல் வரும், போகும். சந்தா கட்ட முடியாது. பிளே ஸ்டோரில் எல்லாவற்றுக்கும் நாலரை ஸ்டார் இருக்கிறது, எதை நம்புவது?

அஸ்தம்பட்டி:
அண்ணா, ஸ்டாரை விடுங்கள், சிக்னல் இல்லாமல் வேலை செய்யுமா என்று முதலில் பாருங்கள். அந்த வகையில் உங்களுக்கு டேலியோ சரியாக வரும். எழுதவே வேண்டாம், மனநிலைக்கு ஒரு முகம், செய்த வேலைக்கு ஒரு படம், தொட்டால் போதும், பதிவுகள் உங்கள் போனிலேயே இருக்கும். பெயர்களை நாமே மாற்றலாம் என்பதால் "கூலி நாள்", "ஏரி நடை", "லேட் தூக்கம்" என்று தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் போனால் எந்த நாளில் கோபம் வருகிறது என்று நீங்களே பார்க்கலாம். இலவசப் பதிப்பே போதும்.

அம்மாப்பேட்டை அக்கா:
என் மகள் ஃபின்ச் என்ற ஆப் வைத்திருக்கிறாள். தண்ணீர் குடித்தேன், பத்து நிமிடம் நடந்தேன் என்று குறித்தால் ஒரு குட்டிப் பறவை வளரும், ஒரு நாள் விட்டுப்போனாலும் அது செத்துப்போகாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் சோர்ந்திருக்கிறவரை மேலும் குற்ற உணர்ச்சியில் தள்ளுகிற ஆப் யாருக்கும் வேண்டாம். ஆனால் அவள் அதை ஆங்கிலத்தில்தான் பயன்படுத்துகிறாள்.

செவ்வாய்பேட்டை:
எதை இறக்கினாலும் இரண்டு விஷயம் பாருங்கள். "7 நாள் இலவசம்" என்று சொல்லி யுபிஐ ஆட்டோபே, அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதி, கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஆப்பை அழித்தாலும் அந்த அனுமதி தானாக ரத்தாகாது, யுபிஐ ஆப்புக்குள் போய் நாம்தான் நிறுத்த வேண்டும். அடுத்தது, பிளே ஸ்டோரில் "தரவுப் பாதுகாப்பு" என்ற பகுதி, நம் விவரத்தில் எதை எடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று அதில் இருக்கும். அதை நிறுவனமே எழுதித் தருகிறது, இருந்தாலும் படியுங்கள். ஆன்லைனில் மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப், பயனர்களின் விவரத்தை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்ற புகாரில், 2023-இல் 78 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி உத்தரவிட்டது. மனசில் இருப்பதை எழுதுகிற இடம், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அம்மாப்பேட்டை அக்கா:
இன்னொன்று தம்பி. தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ஆப்பை நம்பி உட்காராதீர்கள். டெலி மானஸ் 14416, போனில் மனநல ஆலோசனை தரும் அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சாதாரண போன் அழைப்புதான், நெட் தேவையில்லை.

காப்பித் தோட்டக் கணக்கர்:
எண்ணைச் சேமித்துவிட்டேன் அக்கா, ரொம்ப நன்றி. டேலியோ போட்டாயிற்று, ஆனால் ராத்திரி நினைவூட்டல் வரவில்லையே?

அஸ்தம்பட்டி:
போன் செட்டிங்கில் பேட்டரி பகுதிக்குப் போய், அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள் அண்ணா. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே பின்னணியில் அதை நிறுத்தி வைத்திருக்கும்.