மடிப்பாக்கம்: தெருவின் அகலத்தை எப்படி நிரூபிப்பது?

எங்கள் தெருவில் எல்லாமே தனி வீடுகள். நடுவில் இரண்டு பழைய வீடுகளை இடித்துவிட்டு, ஸ்டில்ட் பார்க்கிங்கோடு ஐந்து மாடி அப்பார்ட்மென்ட் கட்ட விண்ணப்பித்திருக்கிறார்கள். அனுமதி இன்னும் வரவில்லை.

விண்ணப்ப வரைபடத்தில் தெரு 30 அடி என்று இருக்கிறது. டேப் பிடித்து அளந்தால் காம்பவுண்டுக்குக் காம்பவுண்டு 22 அடிதான். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் தண்ணீர் லாரி வந்தால் எதிரில் வரும் ஆட்டோ ரிவர்ஸ் எடுக்க வேண்டும். 2019 கட்டட விதிகளில் உயரமும் வீடுகளின் எண்ணிக்கையும் தெரு அகலத்தைப் பொறுத்தவை. வெளிச்சம் போகும், காற்று போகும் என்று சிலர் சொல்வது அலுவலகத்தில் எடுபடாது. அகலம்தான் எங்களுக்கு இருக்கும் ஒரே பிடி.

எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். ரசீது கிடைத்தது, பதில் இல்லை. ஆர்டிஐ போட்டால் 'கோப்பு பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி. கட்டுநர் பேசவே தயாரில்லை. எஃப்எம்பி (நில அளவைத் துறையின் புல வரைபடம்) வாங்கினோம், அதில் தெருவே இல்லை, பழைய வயலாகத்தான் காட்டுகிறது. 2011இல் மடிப்பாக்கம் சென்னை மாநகராட்சியோடு சேருமுன் ஊராட்சிக் காலத்தில் போட்ட மனைப்பிரிவு இது. அந்த வரைபடம் யாரிடமும் இல்லை.

இந்த நிலையில் தெருவின் அகலத்துக்குச் செல்லுபடியாகும் ஆவணம் எது, அதை எந்த அலுவலகத்தில் வாங்கலாம்?