தோபியாஸ் மயரின் முறையில் திருகோணமலையின் நெடுங்கோட்டைக் கணிக்கலாமா?

கொட்டியாரக்குடா கேட்டது:

வணக்கம். ஜேர்மன் கணிதவியலாளரும் வானியலாளருமான தோபியாஸ் மயரைப் பற்றி இங்குள்ள உயர்தர மாணவர்களுக்கு ஒரு செயல்முறைப் பாடம் ஆயத்தமாகிறது. இரண்டு கேள்விகள். அவர் இறந்த பிறகு பிரித்தானியா அவருடைய குடும்பத்துக்கு 3,000 பவுண் கொடுத்தது எதற்காக? அவர் வழிசெய்த சந்திரத் தூர முறையை (சந்திரனுக்கும் சூரியன் போன்ற இன்னொன்றுக்கும் இடையிலான கோணத்தை அளந்து கிரீனிச் நேரத்தையும், அதிலிருந்து நெடுங்கோட்டையும் காண்பது) திருகோணமலைக் கரையில் நின்று ஒரு பிளாஸ்டிக் செக்ஸ்டன்டால் (கோணம் அளக்கும் கடலோடிக் கருவி) செய்து பார்க்கலாமா?

நெடுங்கோடு81 எழுதியது:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். மயர் 1723இல் மார்பாக்கில் பிறந்து எஸ்லிங்கனில் வளர்ந்தவர். கணிதம் பெரும்பாலும் தானாகவே படித்தது. 1746இல் நியூரம்பேர்க்கில் ஹோமன் வரைபட நிறுவனத்தில் சேர்ந்தார். ஊர்களின் நெடுங்கோடு சரியாகத் தெரியாமல் நல்ல வரைபடம் வரைய முடியாது. அந்தத் தேவைதான் அவரைச் சந்திரனிடம் கொண்டுபோனது. 1751இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

மாணவர்களுக்கு அவசியம் காட்ட வேண்டியது 1750இல் வெளிவந்த அவருடைய ஆய்வு. சந்திரனின் ஊசலாட்டத்தை அளக்க மனிலியஸ் என்ற குழிப்பள்ளத்தை 27 தடவை அவதானித்தார். கண்டுபிடிக்க வேண்டிய கணியங்களோ மூன்றுதான். மூன்று அவதானங்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல், 27 சமன்பாடுகளையும் ஒன்பது ஒன்பதாக மூன்று கூட்டமாக்கி, கூட்டிச் சுருக்கித் தீர்த்தார். வழுக்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்கும் இழிவு வர்க்க முறை வெளிவர அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த காலம் அது. வழுக்களை ஒன்றோடொன்று மோதவிட்டுக் குறைக்கலாம் என்று அவர் துணிந்ததே அவருடைய மிகப் பெரிய பங்களிப்பு என்பேன்.

சந்திர அட்டவணைகளிலும் அதே மனப்போக்குத்தான். கணிதவியலாளர் ஒயிலரின் சந்திரக் கோட்பாட்டிலிருந்து சமன்பாட்டின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, குணகங்களை அவதானங்களுக்குப் பொருந்தும்படி திருத்தினார். 1753இல் அட்டவணைகள் வெளிவந்தன, 1755இல் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. கிரீனிச்சில் வானியலாளர் பிராட்லி அவதானங்களோடு ஒப்பிட்டபோது வேறுபாடு ஒன்றரைக் கலைக்குள் (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) நின்றது. மயர் 1762இல் 39ஆம் வயதில் இறந்துவிட, திருத்திய அட்டவணைகளை மனைவி அனுப்பிவைத்தார். கடலில் நெடுங்கோடு காண இந்த அட்டவணைகள் உதவியதற்காகத்தான் 1765இல் அந்த 3,000 பவுண் பரிசு வந்தது. ஒயிலருக்கும் 300 பவுண். 1767இல் தொடங்கிய பிரித்தானியக் கடலோடிப் பஞ்சாங்கத்தின் சந்திரத் தூரங்கள் இந்த அட்டவணைகளை வைத்துக் கணித்தவையே.

உப்புவெளிக்கரை எழுதியது:

செய்யலாம், ஆனால் நாளையும் நேரத்தையும் தெரிந்து எடுங்கள். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம்தான் தொடங்குபவர்களுக்கு இலகு. பலர் வளர்பிறையில் பின்னேரம் போய் மாட்டிக்கொள்வார்கள். நமக்குக் கடல் கிழக்கே. பின்னேரச் சூரியன் தரைப் பக்கம் நிற்கும், உயரம் அளக்கக் கடல் அடிவானம் கிடைக்காது. ஆகவே தேய்பிறைக் காலையைப் பிடியுங்கள். ஒரு திதி 12 பாகை. சஷ்டி தொடங்கும்போது இடைக்கோணம் 120, ஏகாதசி முடியும்போது 48. செக்ஸ்டன்டின் எல்லையும் ஏறத்தாழ 120தான். உள்துறைமுகம் வேண்டாம், சுற்றிவரத் தரை. உப்புவெளி, நிலாவெளிக் கரை நல்லது. வாடைக் காலத்தில் முகில் விடாது. கச்சான் (தென்மேல் காற்று) மாதங்களில் வானம் தெளிவு, காற்றுக்கு மட்டும் மறைப்புத் தேவை.

பிளாஸ்டிக் கருவி வெயிலில் வளையும், சுழிவழு (பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் கருவி காட்டும் பிழை) சில கலைகள் நகரும். ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னும் பின்னும் அதைச் சோதியுங்கள். கருவியை நிழலில் வையுங்கள். நிறக் கண்ணாடி இல்லாமல் சூரியனைப் பார்க்கவே கூடாது.

சந்திரனின் ஒளிவிளிம்பும் சூரிய விளிம்பும் தொடும் கணத்தில் நேரத்தைக் குறியுங்கள். பத்து நிமிடத்துக்குள் ஐந்து வாசிப்பாவது எடுத்து வரைபுத்தாளில் குறித்தால் நேர்கோட்டில் வரும். விலகி நிற்பதை அங்கேயே கண்டுபிடிக்கலாம். பிறகு கோணங்களுக்கும் நேரங்களுக்கும் சராசரி. இரு விளிம்புகளும் எதிரெதிர் நோக்கி இருப்பதால் இரண்டு அரைவிட்டங்களையும், மொத்தம் சுமார் 32 கலை, கூட்ட வேண்டும்.

கொட்டியாரக்குடா:

மிக்க நன்றி. அளந்த கோணத்திலிருந்து நெடுங்கோட்டுக்குப் போகும் வழியையும் யாராவது சொல்லுங்கள். பூமியின் நடுவில் அல்லாமல் மேற்பரப்பில் நின்று பார்ப்பதால் சந்திரன் இடம் மாறித் தெரியுமே, அந்த இடமாறு தோற்றத் திருத்தம் முக்கியமா?

நெடுங்கோடு81:

அதுதான் கழுத்தைப் பிடிக்கும் இடம். சந்திரனின் கிடை இடமாறு தோற்றம் 54 முதல் 61 கலை. 57 என்று வைத்தால், சந்திரன் 40 பாகை உயரத்தில் நிற்கும்போது அது 57 × கோசைன் 40, அதாவது 44 கலை கீழே தெரியும். ஒளிமுறிவு எதிர்த்திசையில் ஒரு கலையளவு உயர்த்தும். நமது அகலக்கோட்டில் சூரியனும் சந்திரனும் பெரும்பாலும் தலைக்கு மேலாகப் போகும் ஒரே வட்டத்தில் நிற்பதால், இந்த 44இல் பெரும்பகுதி இடைக்கோணத்திலேயே ஏறிவிடும். மறந்தால் நெடுங்கோடு 20 பாகை வரை தவறும்.

திருத்தம் இப்படி: தோற்ற இடைக்கோணமும் இரண்டு தோற்ற உயரங்களும் ஒரு கோள முக்கோணியைத் தரும். அதிலிருந்து தலைக்கு நேர் மேலான உச்சிப்புள்ளியில் உள்ள கோணத்தை எடுங்கள். உயரங்களைத் திருத்தினாலும் அந்தக் கோணம் மாறாது. அதே கோணத்தையும் உண்மை உயரங்களையும் வைத்து உண்மை இடைக்கோணத்தைக் கணியுங்கள். உயரங்களில் இரண்டு மூன்று கலை பிழை இருந்தால் பெரிய பாதகமில்லை. இடைக்கோணத்தில்தான் கண்டிப்பு.

எண்களோடு ஒரு மாதிரி (பயிற்சிக்காக வைத்தவை): பஞ்சாங்கப்படி கிரீனிச் 3 மணிக்கு இடைக்கோணம் 74 பாகை 10 கலை, 6 மணிக்கு 72 பாகை 40 கலை. 180 நிமிடத்தில் 90 கலை. உங்கள் திருத்திய விடை 73 பாகை 55 கலை என்றால் 15 கலை குறைந்துள்ளது, அதாவது 30 நிமிடம். ஆகவே கிரீனிச் 3:30. சூரிய உயரத்திலிருந்து கணித்த உள்ளூர்ச் சராசரி நேரம் 8:54:56 என்றால் வேறுபாடு 5 மணி 24 நிமிடம் 56 விநாடி; ஒரு மணிக்கு 15 பாகை என்பதால் 15ஆல் பெருக்க 81 பாகை 14 கலை கிழக்கு.

ஒரு கலை பிழைத்தால் 2 நிமிடம், நெடுங்கோட்டில் அரைப் பாகை, இங்கே 55 கிலோமீற்றர். மேற்கே போனால் ஹொரவப்பொத்தானையையும் தாண்டிவிடும்.

உப்புவெளிக்கரை:

உள்ளூர் நேரத்தில் ஒரு கவனம். சூரிய உயரம் தருவது தோற்றச் சூரிய நேரம் (சூரியக் கடிகாரம் காட்டுவது). 1767 பஞ்சாங்கமும் கிரீனிச்சின் தோற்ற நேரத்திலேயே இருந்ததால் நேரே கழித்தார்கள். இன்றைய பஞ்சாங்கம் சராசரி நேரம் (சீராக ஓடும் கடிகார நேரம்). நவம்பர் தொடக்கத்தில் இரண்டுக்கும் 16 நிமிட வித்தியாசம்; அதைத் தோற்ற நேரத்திலிருந்து கழிக்க மறந்தால் 4 பாகை போய்விடும். கரையில் கண் உயரம் 2 மீற்றர் என்றால் அடிவானத் தாழ்வு (கண் உயரத்தால் அடிவானம் கிடைமட்டத்துக்குக் கீழே தெரியும் அளவு) 2.5 கலை, அதையும் சூரிய உயரத்தில் கழியுங்கள். இன்றைய கடலோடிப் பஞ்சாங்கத்தில் தூர அட்டவணை இல்லை. சந்திர சூரியரின் இடத்தைக் காட்டும் நடுவரை விலக்கம் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணம்), மணிக்கோணம் இரண்டையும் எடுத்து, இடைக்கோணத்தை மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்றாக மாணவர்களே முன்கூட்டிக் கணித்துவைக்கட்டும்.