மூன்று பவுன் வரி பற்றித் தேடினால் பம்பத்தா கலகமே வருகிறது: தரவுத்தளத்தில் எப்படித் தேடுவது?

கேள்வி: சாட்ஸ்வர்த் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் டர்பனில் வரலாற்றில் முதுகலை ஆய்வு செய்கிறேன். ஒப்பந்தத் தொழிலாளராகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்து, ஒப்பந்தம் முடிந்த பின்னும் அங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் பெண்கள் மூன்று பவுன் வரியை எப்படிச் சமாளித்தார்கள் என்பதே என் ஆய்வுப் பொருள். பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக ஜேஸ்டோர், சபினெட் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களில் மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். என் கேள்வியை அப்படியே ஒரு முழு வாக்கியமாக இட்டால் ஒன்றுமே கிடைப்பதில்லை. 'நேட்டால்', 'போல் டாக்ஸ்' (தலைவரி) என்று சுருக்கினால் 1906ஆம் ஆண்டில் ஜூலு மக்கள் நடத்திய பம்பத்தா கலகத்தைப் பற்றிய கட்டுரைகள் பக்கம் பக்கமாக வருகின்றன. 1895 முதல் 1914 வரை என்று ஆண்டு வரம்பு கொடுத்தேன். இருந்த சிலவும் போய்விட்டன. என் கொள்ளுப்பாட்டி அந்த வரியைக் கட்டியவர் என்று வீட்டில் சொல்வார்கள் என்பதால் இந்தப் பொருளை விட்டுவிட மனம் வரவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?

மறுமொழி: ஓய்வுபெற்ற நூலகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வணக்கம் அம்மா. தவறு உங்கள் உழைப்பில் இல்லை, நீங்கள் இட்ட சொல்லில் இருக்கிறது. 'போல் டாக்ஸ்' என்றால் நேட்டாலில் முதலில் நினைவுக்கு வருவது 1905இல் வயதுவந்த ஆண்கள்மீது விதிக்கப்பட்ட ஒரு பவுன் தலைவரிதான்; பம்பத்தா கலகத்துக்கு உடனடிக் காரணமாக இருந்ததும் அதுவே. நீங்கள் தேடுவதோ 1895ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த வேறு வரி. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் இங்கே தங்குகிறவர் ஆண்டுதோறும் மூன்று பவுன் கட்டி ஓர் உரிமச் சீட்டு வாங்க வேண்டும் என்றே அந்தச் சட்டம் சொன்னது. ஆகவே அதிகாரிகளின் கோப்புகளில் 'வரி' என்ற சொல்லைவிட 'லைசன்ஸ்', 'பாஸ்' என்ற சொற்களை எதிர்பாருங்கள். நாம் பாட்டிமாரிடம் கேட்ட சொல் ஒன்று, குமாஸ்தா எழுதிய சொல் வேறொன்று. தேடுபொறிக்குத் தெரிந்தது குமாஸ்தாவின் சொல்தான்.

ஒரு தாளில் பக்கம் பக்கமாக மூன்று பத்தி (நெடுவரிசை) போட்டு, முதலாவதில் வரிக்கான சொற்களையும், இரண்டாவதில் மக்களுக்கான சொற்களையும், மூன்றாவதில் இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பத்தியில் உள்ளவற்றை 'ஆர்' (OR, அல்லது) என்று இணைத்து அடைப்புக்குள் வையுங்கள். பத்திகளுக்கு நடுவே 'ஆண்ட்' (AND, மற்றும்) இடுங்கள். 'த்ரீ பவுண்ட் டாக்ஸ்' போன்ற தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டால் அது சிதறாமல் தேடப்படும். மக்களுக்கான பத்தியில் 'இண்டென்சர்டு' (ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட) என்பதோடு 'கூலி' என்ற சொல்லையும் சேர்த்தே ஆக வேண்டும். அதை எழுத எனக்கும் கை கூசும். ஆனால் அக்காலக் கோப்புகள் நம் முன்னோரை அப்படித்தான் பதிந்திருக்கின்றன. பழைய நூலகப் பட்டியல்கள் நம்மை 'ஈஸ்ட் இண்டியன்ஸ்' என்ற பொருள் தலைப்பின் கீழ் வைத்திருப்பதையும் மறக்க வேண்டாம்.

பம்பத்தாவை 'நாட்' (NOT, தவிர) கொண்டு நீக்கத் தோன்றும், செய்யாதீர்கள். இரு வரிகளையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை ஏதாவது இருந்தால், உங்களுக்கு மிகவும் தேவையான அதுவே முதலில் மறைந்துபோகும்.

மறுமொழி: ஆய்வு மாணவி, ஜோகன்னஸ்பர்க்

நூலகர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், தங்கையே. தரவுத்தளத்தில் கேட்கப்படும் ஆண்டு, கட்டுரை வெளியான ஆண்டு. 1895 முதல் 1914 வரை என்று நீங்கள் வரம்பிட்டதால் பிற்கால ஆய்வாளர்கள் எழுதிய அனைத்தும் விலகிவிட்டன. நானும் முதல் ஆண்டில் இதே குழியில் விழுந்து ஒரு மாதத்தை இழந்தேன்.

மூல ஆவணங்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இலவச இணையத் தேடுபட்டியலுக்குச் செல்லுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்கு என்.ஏ.பி. (NAB) என்றும், இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகளுக்கு ஐ.ஐ. (II) என்றும் குறியீடு. கோப்பின் தலைப்பும் எண்ணும் மட்டுமே அங்கே தெரியும். கோப்பைப் பார்க்க நேரில்தான் போக வேண்டும்.

பெயரை நம்பித் தேடாதீர்கள். முனியம்மா என்ற ஒரே பெயர் 'மூனியம்மா', 'முனியம்மாள்', 'மொனியம்மா' என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கலாம். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. பெயரின் எழுத்து எப்படி மாறினாலும் அந்த எண்ணைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம். கப்பல் பட்டியல்களில் அந்த எண்ணோடு தந்தை பெயர், வயது, ஊர், தாலுகா முதலியனவும் இருக்கும். டர்பனில் குவாஸூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேட்டவரின் மறுமொழி

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. ஆண்டு வரம்பை நீக்கி, மூன்று பத்திச் சொற்களையும் இணைத்து இன்றிரவு தேடியபோது முதல் பக்கத்திலேயே என் பொருளைத் தொடும் கட்டுரைகள் வந்தன. அம்மாவிடம் காலனி எண்ணைப் பற்றிக் கேட்டேன். பாட்டியின் தகரப் பெட்டியில், மடிப்பு கிழிந்த ஒரு சான்றிதழின் மேல் மூலையில் மையால் எழுதிய எண் ஒன்று இருக்கிறது. இத்தனை காலம் அதை வீட்டு எண் என்றே நினைத்திருக்கிறோம். கடைசி இலக்கம் ஒன்றா ஏழா என்று தெளிவாகத் தெரியவில்லை. இரண்டையும் குறித்துக்கொண்டு திங்கட்கிழமை வெஸ்ட்வில்லுக்குப் போகிறேன்.