மீளாப் பாத்தி: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

பெரிய நேரியச் சமன்பாட்டுத் தொகுப்புகளைக் கணினியில் தீர்ப்போருக்கான நம் கலைச்சொல் பட்டியலில், singular block என்பதற்கு, அதாவது அணியில் நேர்மாறு இல்லாத பகுதிக்கு, ‘பூச்சியக் கோவைத் தொகுதி’ என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அதற்கு ‘மீளாப் பாத்தி’ என்பதை முன்மொழிகிறேன். அணிக்கோவை பூச்சியமானால் பூச்சியக் கோவை அணி என்று பாடநூல் சொல்வது மூன்று நிரைக் கணக்குக்குப் போதும். இலட்சம் நிரை கொண்ட அணிக்கு அணிக்கோவையை எவரும் காண்பதில்லை. மேலும், நாம் பேசும் அணிகளை நான்கு பகுதிகளாகப் பிரித்தால் நேர்மாறு இழப்பது இடது மேல் மூலையிலுள்ள முதற்பகுதி; வலது கீழ் மூலையில் எல்லா உறுப்புகளும் பூச்சியமான வேறொரு பகுதி உண்மையாகவே இருப்பதால், மாணவர் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொள்வார்.

தக்கலைப் பக்கம் ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து சில தெருக்களுக்குச் செல்லும் குடிநீர்க் குழாய்களைக் கொள்வோம். குழாய்களின் தடைகள் முதற்பகுதியின் மூலைவிட்டத்தில் அமையும். ஒவ்வொரு சந்திப்பிலும் வரவும் செலவும் ஒக்க வேண்டும் என்னும் நிபந்தனைகள் அதன் பக்கத்திலும் கீழும் அமையும். முழுதும் திறந்து கிடக்கும் வால்வு ஒன்றைத் தடையற்றது எனக் கொண்டால், மூலைவிட்டத்தில் ஓர் உறுப்பு பூச்சியமாகி முதற்பகுதி நேர்மாறை இழக்கிறது. ஆயினும் தடையற்ற இணைப்புகள் தமக்குள் வளையமாக மூடிக்கொள்ளாத வரை முழு அணிக்கு நேர்மாறு உண்டு.

முதற்பகுதியின் மாறிகளை நீக்கி, எஞ்சியவற்றுக்கான சிறிய அணியாகிய ஷூர் நிரப்பியை அமைக்கும் வழக்கமான வழி, அதன் நேர்மாறைக் கேட்பதால், இங்கே அடைபடுகிறது. ஆகவே சந்திப்பு நிபந்தனைகளை எடையிட்டு, அவற்றின் நிரை நிரல் மாற்று அணியால் பெருக்கி, முதல் வரிசைச் சமன்பாடுகளின் இருபுறமும் கூட்டுகிறார்கள். தீர்வு மாறாது, முதற்பகுதிக்கோ நேர்மாறு வந்துவிடும். எடையை அளவுக்கு மீறி ஏற்றினால் பிழைகள் பெருகும் என்பது வேறு தொல்லை. முதற்பகுதி இழக்கும் தரம் (தரம் என்பது ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை) நிபந்தனைகளின் எண்ணிக்கையை எட்டும் எல்லையில், திருத்திய பகுதியையும் எடை அணியையும் கொண்டு முன்சீராக்கினால், அதாவது தீர்வு விரைந்து கிட்டுமாறு தொகுப்பை முதலில் மாற்றியமைத்தால், மாற்றிய அணியின் ஐகன் மதிப்புகள் (அது திசை மாற்றாத வெக்டர்களை எத்தனை மடங்காக்கும் என்னும் எண்கள்) 1, −1 என இரண்டே ஆகும். அப்போது, சுற்றுச் சுற்றாகத் தீர்வை நெருங்கும், பெய்ஜும் சாண்டர்ஸும் 1975இல் வெளியிட்ட மின்ரெஸ் முறை, எண்களைச் சுருக்குவதால் வரும் பிழை இல்லாத கணக்கில், இரண்டே சுற்றில் முடியும்.

முன்னர் எழுதிய நண்பர் singular என்பதற்குப் பரிந்துரைத்த ‘நேர்மாறிலி’ பொருட்செறிவு உடையதுதான். ஆனால் அதைப் படிக்கும் கண் முதலில் ‘மாறிலி’யைப் பிடித்துக்கொள்கிறது. ‘தரக்குறை’ வசவாகவே கேட்கும். நான் ‘மீளா’ என்பதை முன்வைக்கிறேன்: தடையற்ற வால்வில் அழுத்த இழப்பு எப்போதும் பூச்சியம் என்பதால், அந்த இழப்பிலிருந்து ஓட்டத்தின் அளவை மீட்க வழியில்லை. மீளாத் துயிலின் நிழல் படியும் என்பவர்களுக்கு, ‘மீள் அணி’ என்ற எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது என்பேன்.

இனி block என்பதற்கு: ‘தொகுதி’ பின்னத்தின் மேலெண்ணுக்கு ஏற்கெனவே பெயராகிவிட்டது. ‘கட்டம்’ என்றால் தனி உறுப்பைக் குறிக்கும். வரப்பிட்டுப் பிரித்த வயலைப் போல அணியைக் கோடிட்டுப் பிரிப்பதால் ‘பாத்தி’ போதும். நாஞ்சில் நாட்டில் விளக்கம் கூடத் தேவைப்படாது. இழந்த தரத்தின் அளவுக்கு ‘மீளா எண்’ எனலாமா, அல்லது அதற்குத் தனிச்சொல் வேண்டுமா என்பதில் உங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.