தடித்த அன்டர்கோட்டிங் குளிரில் ஸ்பிரே கன்னுக்குள்ளேயே நிற்கிறது, சூடாக்கி அடிக்கலாமா?

வான்காரன் (ஸ்காபரோ):

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னது, கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 2013 மொடல் வான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் காசு கொடுத்து அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடிப்பித்தேன். போன மாதம் விண்டர் ரயர் மாற்றும்போது கீழே குனிந்து பார்த்தால் அது ஓரத்தில் கிளம்பித் தொங்குகிறது. பிடித்து இழுத்தேன், கையகலத் துண்டு தோசை மாதிரிக் கழன்று வந்தது, பின்னால் ஈரமும் கறளும் (துரு). கறளுக்கு மேலேயே அடித்துவிட்டிருக்கிறார்கள். சண்டை போட நேரமில்லை, இனி நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

கறள் பிடிக்காமல் அடிப்பக்கத்துக்கு அடிக்கிற லனோலின் வகை மருந்து ஒரு லீற்றர் போத்தல் நான்கு, அடிக்கிற கன் ஒன்று, 6 கலன் சின்னக் கொம்பிரசர் எல்லாம் வாங்கினேன். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவே இரண்டு சனி ஞாயிறு போய்விட்டது, அதற்குள் ஸ்னோவும் வந்துவிட்டது. போன சனிக்கிழமை வெளியே மைனஸ் 4, கராஜில் ஹீற்றர் இல்லை. கன்னை அமத்தினால் காற்று மட்டும் வருகிறது. நொசிலைத் திறந்துவிட்டேன், புளிச் புளிச்சென்று துப்பியது, பாதி என் கண்ணாடியில். போத்தலைத் திறந்து பார்த்தால் உள்ளே உறைந்த நெய் மாதிரி இருக்கிறது, சரித்தாலும் அசையவில்லை.

சுடுதண்ணீரில் வை என்கிறா மனைவி. ரேப்பன்ரைன் கலந்து இளக்கு என்கிறான் நண்பன். இன்னொருவன் கரண்ட் அடுப்பில் ஐந்து நிமிடம் வைத்து எடு என்கிறான். பேசாமல் வெயில் வரும்வரை விடு தம்பி என்பது மாமியின் தீர்ப்பு. எவ்வளவு சூடு கொடுக்கலாம், தீப்பிடிக்குமா என்பதுதான் என் கேள்வி. இதோடு கதவுக்குள் அடிக்கிற மெழுகு ஸ்பிரே டின் மூன்றும், சில்லுக்கு மேலே உள்ள வளைவுக்குப் பூச ஒரு டின் கறுப்பு ரப்பர் பெயின்ற்றும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வாளியில் போடலாமா?

பழைய_ஸ்பானர் (மிசிசாகா):

ஒரே வாளியில் போடாதே தம்பி. அடுப்புக் கதையை இத்தோடு மறந்துவிடு. உன்னிடம் இருப்பது மூன்று வேறு வேறு சாமான், மூன்றுக்கும் குணம் வேறு.

லனோலின் என்பது ஆட்டு ரோமத்தில் இருக்கிற கொழுப்பு. 40 டிகிரி அளவில் இளகும், உன் வீட்டுக் குளிரில் மெழுகாகிவிடும், அதுதான் நீ கண்ட நெய். நல்லவற்றில் கரைப்பான் இருக்காது, ஆனால் லேபிளைப் பார்த்து உறுதி செய்துகொள். அதை வாளியில் வைத்துச் சூடாக்குவதில் பயமில்லை. குழாயில் வருகிற சுடுதண்ணீரே போதும், கேத்தலில் கொதிக்க வைத்து ஊற்றத் தேவையில்லை. மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி, போத்தலின் கழுத்துவரை தண்ணீரில் நிற்கிற மாதிரி அரை மணித்தியாலம் விடு. நடுவில் ஒருக்கால் மூடியை இறுக்கிக் குலுக்கி, திரும்பத் தளர்த்தி வை. குலுக்காவிட்டால் சுவரோரம் எண்ணெயாகவும் நடுவில் கட்டியாகவும் இருக்கும், அந்தக் கட்டி போய்க் குழாய் வாயில் அடைத்துக்கொண்டால் திரும்பவும் புளிச்தான். எடுத்ததும் போத்தலின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடை, தண்ணீர் உள்ளே சொட்டக்கூடாது.

எல்லோரும் மறக்கிறது ஒன்று இருக்கிறது. கன்னும் உலோகம்தான். மைனஸ் 4இல் இரவு முழுக்கக் கிடந்த கன்னில் சூடான மருந்தை மாட்டினால் இரண்டு நிமிடத்தில் அது சூட்டைக் குடித்துவிடும். கன்னை முதல் நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து வை. ஒரு போத்தல் கன்னில், ஒரு போத்தல் வாளியில் என்று மாற்றி மாற்றி அடி.

கறுப்பு ரப்பர் பெயின்ற் வேறு கதை. அது பெரும்பாலும் கரைப்பானில் கரைத்தது, மினரல் ஸ்பிரிற் மாதிரியானவை. அந்த ஆவி 40 டிகிரி அளவிலேயே பொறி பட்டால் பிடிக்கும், சிலது அதற்கும் கீழே. ஆகவே அதற்குச் சுடுதண்ணீரே வேண்டாம். மூடியை இறுக்கி ஓர் இரவு வீட்டுக்குள் வை, 20 டிகிரி வந்தால் அதற்குப் போதும். ஃபர்னஸ் அறையில் வைக்காதே, சுடுதண்ணீர் ரேங்கின் அடியில் நெருப்பு எரிகிறது. டின்னில் தண்ணீரில் கரைத்தது என்று போட்டிருந்தால் ஒருமுறை உறைந்திருந்தாலே அது பால் திரைந்த மாதிரித்தான், சூடாக்கினாலும் சேராது, எறிந்துவிடு.

ஸ்பிரே டின்னில் 49 அல்லது 50 டிகிரிக்கு மேல் போகாதே என்று அச்சடித்திருக்கும். சும்மா போடவில்லை. கையை வைத்தால் சுகமாக இருக்கிற இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம், அவ்வளவுதான். முன்பு நான் வேலை செய்த இடத்தில் ஒரு பொடியன் டின்னைக் கராஜ் ஹீற்றருக்கு மேல் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். வந்து பார்த்தால் சீலிங் முழுக்க மெழுகு. ஆள் பக்கத்தில் இல்லாதது நல்ல காலம்.

கோவை_டு_எட்மன்டன்:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும், மருந்தை மட்டும் சூடாக்கி ஒரு பிரயோஜனமும் இல்லை. போன வருஷம் நான் பட்ட பாடு அது. இங்கே மைனஸ் 15. பாட்டிலைப் பக்குவமாக வெந்நீரில் வைத்து, எண்ணெய் மாதிரி ஆக்கி, கன்னில் போட்டு அடித்தேன், விசிறி மாதிரி அழகாகப் போனது. போய் ஃப்ரேமில் பட்ட இடத்திலேயே மெழுகுவர்த்தி சொட்டியது போல அப்படியே நின்றுவிட்டது. இந்த மருந்தின் வேலையே மெதுவாக ஊர்ந்து தகடும் தகடும் சேரும் இடுக்குக்குள் போவதுதான். துரு பிடிப்பதும் அங்கேதான். மார்கழியில் நம்ம ஊரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கி எடுத்து வருவோம், தலையில் சூடு இருப்பதால் அது பரவுகிறது. இங்கே தலையே ஐஸ்கட்டி.

அதனால் சூடாக வேண்டியது வண்டி. யாராவது நண்பரிடம் ஹீட்டர் உள்ள கராஜ் இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இடம் தேடுங்கள். முதலில் அடிப்பக்கத்தைக் கழுவி உப்பை எடுத்துவிட்டு, முந்தின நாள் ராத்திரியே உள்ளே விட்டுவிடுங்கள். உள்ளே விட்டவுடனே ஆரம்பிக்காதீர்கள். குளிர்ந்த இரும்பு சூடான காற்றில் பட்டதும் ஜில்லென்ற டம்ளர் வியர்ப்பது போல வியர்க்கும், அந்த ஈரத்துக்கு மேல் அடித்தால் உங்கள் பழைய கடைக்காரர் செய்ததையே நீங்களும் செய்தது போல. கையால் தடவிப் பார்த்து உலர்ந்திருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

இன்னொன்று, உங்கள் கம்ப்ரஸர். அந்த 6 கேலன் வகை பெரும்பாலும் 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 2.6 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 2.6 கன அடி காற்றுதான் தரும். கன் அதைவிட அதிகமாகக் குடிக்கும். பாதி துப்பலுக்குக் காரணம் குளிர், மீதிப் பாதிக்கு இதுதான் என்று நினைக்கிறேன். இருபது நொடி அடித்துவிட்டு டேங்க் நிரம்பும் வரை நில்லுங்கள். அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரையும் வடித்துவிடுங்கள், குளிரில் அது உறைந்து தொல்லை கொடுக்கும்.

வான்காரன்:

நன்றி அண்ணை, நன்றி கோவை அண்ணா. காற்றுப் பற்றாக்குறை பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஹீற்றர் உள்ள கராஜ் அஜக்ஸில் ஒரு நண்பனிடம் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன். அது சரிவராவிட்டால் என் கராஜிலேயே ஒரு புரொப்பேன் ஹீற்றரை வைத்துக்கொண்டு அடிக்கலாமா? ரேப்பன்ரைன் விஷயத்துக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய_ஸ்பானர்:

புரொப்பேன் ஹீற்றர் என்பது திறந்த நெருப்பு. கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெயைப் பனிப்புகார் மாதிரி அடிக்கிற இடத்தில் நெருப்பு வைத்திருப்பது விசர் வேலை. கார்பன் மொனொக்சைட் வேறு. வாகனத்தைச் சூடாக்க வேண்டுமென்றால் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து முன்கூட்டியே சூடாக்கி, அடிக்கத் தொடங்க முன் அணைத்து, வெளியே கொண்டுபோய் வை.

ரேப்பன்ரைன் வேண்டாம். கலந்தால் இளகும், உண்மைதான். ஆனால் ஒட்டி நிற்கிற படலம் மெல்லிதாகும், பயமில்லாத சாமானை நீயே பயமுள்ளதாக ஆக்குவாய். இளக்கமாக வேண்டுமென்றால் இளக்கமான வகையையே வாங்கலாம். வூல்வாக்ஸ் தடிப்பு, ஃபுளூயிட் ஃபில்ம் அதைவிட இளக்கம், இரண்டுமே லனோலின்தான். கழுவுப்படுகிற இடங்களுக்குத் தடிப்பு நல்லது, கதவுக்கும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற சில் பெட்டிக்கும் உள்ளே இளக்கமானது சுகமாகப் போகும். வாங்கியதை வீணாக்காதே, சூடாக்கி அடி.

தயிர்ச்சட்டி (மார்க்கம்):

நான் மெக்கானிக் இல்லை, ஆனால் மூன்று வருடமாக எங்கள் வீட்டு இரண்டு காருக்கும் நான்தான் அடிக்கிறேன், இவர் ஜாக் ஸ்ராண்ட் பிடிக்கிற ஆள். எவ்வளவு சூடு என்று கேட்டீர்கள். தயிருக்கு உறை ஊற்றுகிற சூடு தெரியும்தானே, விரலை விட்டால் சுடும் ஆனால் எடுக்கத் தோன்றாது, அதைவிட ஒரு துளி கூட. என்னிடம் பாலுக்கு வைக்கிற தெர்மோமீற்றர் இருந்ததால் அளந்து பார்த்தேன், வாளித் தண்ணீர் 45இல் இருந்தபோது போத்தல் அழகாக இளகிவிட்டது. தண்ணீர் ஆறிக்கொண்டே வரும், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருக்கால் கொஞ்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். முதல் வருடம் கெட்டித்தனமாகப் பழைய ரைஸ் குக்கரில் தண்ணீர் விட்டு வோர்மில் வைத்தேன், அது நினைத்ததைவிடக் கூடச் சூடு. பிளாஸ்ரிக் போத்தல் இடுப்பு நெளிந்து கன்னில் பூட்டவே முடியவில்லை.

பேஸ்மென்ற்றில் துணி தோய்க்கிற தொட்டியில் மட்டும் வைக்காதீர்கள். மூடி தளர்வாக இருப்பதால் ஆட்டுப்பட்டி மணம் வீடு முழுக்கப் பரவும். எங்கள் மாமியார் பிரியாணிக்கு இறைச்சி கெட்டுப்போய்விட்டது என்று ஃபிரிட்ஜைக் காலி செய்யத் தொடங்கிவிட்டா.

நிலத்தில் கார்ட்போர்ட் விரியுங்கள், தலைக்குத் தொப்பி, கண்ணுக்கு முழுக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். பிரேக் தட்டுக்குப் பொலித்தீன் பை கட்டுங்கள், அதில் ஒரு துளியும் படக்கூடாது. எக்ஸோஸ்ற் குழாய், பெல்ற் பக்கமும் வேண்டாம். ரப்பர் புஷ்களிலும் அள்ளி அடிக்காதீர்கள், சில வகை ரப்பர் இந்த எண்ணெயில் ஊதிப்போகும். கதவுக்குக் கீழேயும் சில் பெட்டியிலும் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் இருக்கும், தடிப்பான மருந்து அதை அடைத்தால் உள்ளே குளம்தான்.

கோவை_டு_எட்மன்டன்:

ஆட்டுப்பட்டி மணம், உண்மை! எனக்கு இரண்டு வாரம் இருந்தது. பழகிவிட்டால் ஊர் ஞாபகம் வருகிறது என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அக்கா சொன்ன ஓட்டைகளுக்கு ஒரு வழி, அடிப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் வயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றைச் செருகிவிட்டு, முடிந்ததும் உருவி எடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்காக வண்டியை ஒரு ராத்திரி சூடான கராஜில் விடுவது வேறு, குளிர்காலம் முழுக்கத் தினமும் விடுவது வேறு. உப்புப் பனி உறைந்து கிடக்கும்வரை துரு மெதுவாகத்தான் போகும், உருகி ஈரமாகி வெதுவெதுப்பாக இருந்தால்தான் வேகம் எடுக்கும்.

வான்காரன்:

முடித்துவிட்டேன், அதனால் எழுதிவிட்டுப் போகிறேன்.

சனி இரவே அஜக்ஸில் கொண்டுபோய் விட்டேன், கழுவித்தான். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தடவிப் பார்த்தால் ஃப்ரேமின் மேல்பக்கம் இன்னும் ஈரம். பதினொரு மணிவரை காத்திருந்தோம், நண்பனின் மனைவி இடியப்பமும் சொதியும் தந்ததால் காத்திருப்பு கஷ்டமாக இல்லை. வாளி, தயிர்ச்சூடு, இரண்டு போத்தல் மாற்றி மாற்றி. முதல் அடியிலேயே வித்தியாசம் தெரிந்தது. துப்பல் இல்லை, நொசிலில் இருந்து அரை அடி தள்ளி விசிறியாக விரிந்து, தகட்டில் பட்டதும் மினுங்கிக்கொண்டு மெல்ல வெல்டிங் இடுக்குக்குள் இழுபடுவதைக் கண்ணாலேயே பார்த்தேன். இருபது நொடி, பிறகு கொம்பிரசர் கத்தி முடியும்வரை நிற்பது, திரும்ப இருபது நொடி. மூன்று போத்தல் முடிந்தது, நான்காவதில் கால்வாசி. கறுப்பு பெயின்ற்றை இந்த முறை தொடவில்லை, கறளை ஒழுங்காக எடுக்காமல் அதைப் பூச இனி மனம் வராது.

பிழை விட்டது ஒன்றே ஒன்று. எக்ஸோஸ்ற் குழாயில் கொஞ்சம் பட்டுவிட்டது, துடைத்தேன் என்றுதான் நினைத்தேன். வருகிற வழியில் கெனடி றோட் சிக்னலில் நிற்க அடியிலிருந்து புகை, பக்கத்துக் காரில் இருந்த மனுஷி கண்ணாடியை இறக்கி உன் கார் எரிகிறது என்று கத்துகிறா. இரண்டு நாளில் நின்றுவிட்டது.

கடைசியாக ஒன்று. கன்னை என்ன போட்டுக் கழுவுகிறீர்கள்? மண்ணெண்ணெய் வாங்கவா?

பழைய_ஸ்பானர்:

கழுவாதே. லனோலின் பெயின்ற் மாதிரிக் காய்கிற சாமான் இல்லை. மிச்சப் போத்தலோடு அப்படியே கன்னை மாட்டி, நொசிலை ஒரு துணியால் சுற்றி, தட்டில் வை. அடுத்த முறை இரண்டையும் சேர்த்து வாளியில் இறக்கினால் சரி. அடுத்த முறை செப்ரெம்பரில் அடி தம்பி, வாளியே தேவைப்படாது.