‘ஆதரவு நிறுத்தம்’, ‘பேண்காலம்’, ‘காலாவதி’: எதை எடுப்பது?

மொழியாக்க அணி எழுதியது:

நண்பர்களே, வணக்கம். நம் ஆவணப் படிப்பான் மென்பொருளின் அடுத்த பதிப்பு விண்டோஸ் 7-லும் 8.1-லும் ஓடாது. அதைப் பயனருக்குச் சொல்லும் சரங்கள் (திரையில் தோன்றும் வாசகங்கள்) மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கின்றன. வெள்ளி இரவு கோப்பைப் பூட்டிவிடுவார்கள். பழைய கோப்பைத் திறந்து பார்த்தால் ‘end of support’ என்ற ஒரே பொருளுக்கு ஓரிடத்தில் ‘ஆதரவு முடிவு’, இன்னோரிடத்தில் ‘ஆதரவு விலக்கல்’, மூன்றாவது இடத்தில் ‘காலாவதி’ என்று கிடக்கிறது. அட்டவணைத் தலைப்புக்கு ஒரு பெயர்ச்சொல், எச்சரிக்கைப் பெட்டிக்கு ஒரு வாக்கியம், இவை இரண்டும் வேண்டும். தயவுசெய்து இந்த முறையாவது ஒன்றில் நிற்போம்.

நிரல்வண்டு எழுதியது:

சொல்லுக்குப் போகும் முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். இங்கே நிற்பது எது, நிறுத்துவது யார்?

விண்டோஸ் 7-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. பணம் கட்டிய நிறுவனங்களுக்கு 2023 ஜனவரி வரை கொடுத்தது. குரோம் உலாவி 109-ஆம் பதிப்போடு விலகிக்கொண்டது. பயர்பாக்ஸ் அதற்குப் பிறகும் 115 என்ற நீள்காலப் பதிப்பை வைத்து, கெடுவைப் பலமுறை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. ஒரே இயக்க முறைமைக்கு எத்தனை ‘முடிவு’ பாருங்கள். முறைமையைச் செய்தவர் நிறுத்துவது ஒன்று, அதன் மேல் ஓடும் செயலியைச் செய்தவர் நிறுத்துவது வேறொன்று. நம் சரங்கள் இரண்டாவதைப் பற்றியவை.

விண்டோஸ் எக்ஸ்பி கதையும் தெரிந்ததுதான். 2014 ஏப்ரல் 8-ஓடு முடிந்தது என்றார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியபோது அதே எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தம் வெளிவந்தது. அதனால் ‘முடிவு’ எனக்கு ஒப்பவில்லை, அது என்னவோ தானாக முடிந்துபோன மாதிரி இருக்கிறது. ஒருவர் முடிவெடுத்து நிறுத்துகிறார். ‘நிறுத்தம்’ என்றே சொல்வோம்.

குற்றியலுகரம் எழுதியது:

நிறுத்தம் இருக்கட்டும். ‘ஆதரவு’ எதற்கு? ஆதர என்ற வடசொல்லோடு நம் விகுதியைச் சேர்த்துத் தைத்தது அது. பொருளும் சரியில்லை. ஆதரவு என்றதும் எனக்கு வாக்குக் கேட்கிறவர்தான் நினைவுக்கு வருகிறார். மென்பொருள்காரர் செய்கிற வேலை ஆதரிப்பதா? பிழை பார்ப்பது, ஓட்டை அடைப்பது, மாறுகிற சூழலுக்கு ஏற்பத் திருத்துவது. இதற்குத் தமிழில் ஓரசை வேர் ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது: பேண்.

‘பேண்காலம்’ என்று வைப்போம். பேணிய காலம், பேணுகின்ற காலம், பேணும் காலம் மூன்றும் அடங்கும் வினைத்தொகை. ஊறுகாய் போல. யாராவது வந்து மண் + குடம் மட்குடம் ஆவது போல இது ‘பேட்காலம்’ ஆகாதா என்று கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன், அந்தத் திரிபு வேற்றுமைக்கு. வினைத்தொகை அல்வழி, ணகரம் இயல்பாகவே நிற்கும். பேண்காலம் முடிந்தது, பேண்காலம் நீண்டது, பேண்காலக் கெடு என்று குடும்பமே கிடைக்கும். ஆதரவில் இது வருமா?

வகுப்பாசிரியை எழுதியது:

ஐயா, அழகான சொல்தான். வகுப்பில் சொன்னால் முதல் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சு வரை ‘பேன்காலம்’ என்றுதான் காதில் விழும், பிறகு அன்றைய பாடம் தலைமுடியிலேயே நின்றுவிடும். ணகர னகர வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தனியாக ஒரு பருவம் வேண்டும்.

இன்னொன்று. ‘காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை’ என்று நீங்களே பாடம் நடத்துவீர்கள். காலம் முடிந்துவிட்டது என்று அறிவிக்க வேண்டிய இடத்தில் காலத்தை ஒளித்துவைக்கிற தொகையைக் கொண்டுபோய் வைப்பதா?

‘காலாவதி’யே போதும் என்பது என் எண்ணம். மருந்து அட்டையில் பார்த்துப் பழகிய சொல், விளக்கவே வேண்டாம்.

நிரல்வண்டு எழுதியது:

அந்த மருந்து அட்டைதான் சிக்கலே அம்மா. தேதி தாண்டினால் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறோம். திருத்தம் நின்றுபோன இயக்க முறைமை அடுத்த நாள் காலையிலும் முந்தைய நாள் போலவே திறக்கும், அதே வேகத்தில் ஓடும், அச்சும் எடுக்கும். குறைவது கண்ணுக்குத் தெரியாது. புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ‘காலாவதி’ என்று படிக்கிறவர் ஒன்று கணினியே செத்துவிட்டது என்று பயப்படுவார், இல்லாவிட்டால் அடுத்த நாள் அது நன்றாக ஓடுவதைப் பார்த்து நம் எச்சரிக்கையே பொய் என்று முடிவுகட்டுவார். இரண்டாவதுதான் ஆபத்து.

கணினியில் உண்மையாகவே காலாவதி ஆகிற பொருள் ஒன்று உண்டு, ஓர் இணையதளம் உண்மையானதுதான் என்று உறுதிசொல்லும் சான்றிதழ். தேதி அதற்குள்ளேயே எழுதியிருக்கும். இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு நம்பியிருந்த பழைய வேர்ச்சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையானது) 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டுகளில் புதிய வேர் இல்லை, பாதி இணையமே திறக்காமல் போகும் என்ற நிலை. அந்த ஆண்ட்ராய்டுகள் வேர்ச்சான்றிதழின் முடிவுத் தேதியைச் சரிபார்ப்பதில்லை என்பதைப் பயன்படுத்தி, புதிய வேருக்குப் பழைய வேரைக் கொண்டே ஒரு குறுக்கொப்பம் (cross-sign) வாங்கிச் சமாளித்தார்கள். காலாவதி என்ற சொல்லை அந்த மாதிரி இடத்துக்கு விட்டுவைப்போம். இங்கே செலவழித்தால் அங்கே வேறு சொல் தேட வேண்டும்.

கலிப்பா ரசிகர் எழுதியது:

ஆதரவை வடசொல் என்று அவசரப்பட்டுத் தள்ள வேண்டாம். ஆ + தரவு என்று ஏன் பிரிக்கக் கூடாது? ஆவது தருதல், ஆக்கம் தருதல். தரவு தூய தமிழ், ஒத்தாழிசைக் கலிப்பாவின் முதல் உறுப்பே தரவுதானே. அப்படிப் போனால் கடைசி உறுப்பு சுரிதகம். ஒரு முறைமையில் ஓடும் கடைசிப் பதிப்பைச் ‘சுரிதகப் பதிப்பு’ எனலாம். சுரிதகத்துக்குப் போக்கியல், அடக்கியல், வைப்பு என்றும் பெயர்கள் உண்டு. ‘வைப்புப் பதிப்பு’ கூட நன்றாக இருக்கிறது, பாதுகாத்து வைத்துக்கொள்ளுங்கள் என்ற குறிப்பும் வருகிறது.

குற்றியலுகரம் எழுதியது:

ஆ + தரவு என்றால் ஆதாரம் ஆ + தாரமா? பிரிக்க முடிவதெல்லாம் வேர் ஆகாது. சுரிதகத்தை மட்டும் ரசித்தேன். வேண்டாம்.

பழைய மடிக்கணினி எழுதியது:

இவ்வளவு நேரம் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். நான் நிரலர் இல்லை, இந்தச் சரங்கள் யாருக்காக எழுதப்படுகின்றனவோ அந்த ஆள். ஆதரவு நிறுத்தம், பேண்காலம், சுரிதகம் எல்லாமே பூசி மெழுகுகிற சொற்கள். நடப்பது என்ன? வன்பொருள் நன்றாக இருக்கிறது, நேற்று வரை உங்கள் மென்பொருள் ஓடியது, இன்று புதுப்பதிப்பு ஓடாது, வேண்டுமானால் புதுக் கணினி வாங்கிக்கொள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியபோதும் இதே கதைதான், 11 கேட்கிற பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினி எல்லாம் நல்ல நிலையில் இருக்கும்போதே ஓரங்கட்டப்பட்டது. தமிழில் இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே உண்டு: கைவிடல். ‘விண்டோஸ் 7-ஐக் கைவிட்டோம்’ என்று நேராக எழுத ஏன் கூசுகிறது?

நிரல்வண்டு எழுதியது:

கூசவில்லை. கைவிடல் என்றால் எங்களால் முடியும், இருந்தும் விட்டுவிட்டோம் என்று ஆகிறது. பல இடங்களில் அது உண்மையும் கூட, மறுக்க மாட்டேன். ஆனால் சிறிய மென்பொருள்களில் முடிவு எங்கள் கையிலேயே இருப்பதில்லை. செயலிகளின் சாளரங்களை அமைக்க உதவும் கியூட் என்ற கருவியின் 6-ஆம் பதிப்பு விண்டோஸ் 10-க்குக் கீழே இறங்காது. பைத்தான் நிரல்மொழி 3.9 முதல் விண்டோஸ் 7-இல் ஓடாது. கோ மொழியில் 1.21, ரஸ்ட் மொழியில் 1.78 வந்ததும் அதே நிலை. நாங்கள் நிற்கிற பலகையை அடியிலிருந்து உருவிவிடுகிறார்கள். பழைய கருவிகளிலேயே தங்கினால் அந்தக் கருவிகளின் ஓட்டைகளையும் சேர்த்துப் பயனருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எப்போது நிறுத்தலாம் என்பதற்கு என் கணக்கு இது. முறைமையைச் செய்தவர் திருத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை செயலிக்காரர் முந்திக்கொண்டு விலகக் கூடாது. அவர் நிறுத்திய பிறகு கருவிகள் இடம் கொடுக்கும் வரையும், சோதித்துப் பார்க்க ஓர் ஆளும் ஒரு கணினியும் இருக்கும் வரையும் தொடரலாம். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து வெட்டுவது சரியில்லை, பழைய கணினியில் இருப்பவர்தான் புள்ளிவிவரம் அனுப்பும் வசதியை அணைத்தும் வைத்திருப்பார். கெடுவை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பைத்தான் 2-க்கு முதலில் 2015 என்றார்கள், உலகம் தயாராக இல்லை என்று தெரிந்ததும் 2020-க்குத் தள்ளினார்கள். தள்ளியதில் தவறில்லை, ஆனால் அதற்குப் பிறகு எத்தனை பேர் இதையும் தள்ளுவார்கள் என்று உட்கார்ந்திருந்தார்கள்! கடைசிப் பதிப்பைத் தரவிறக்கப் பக்கத்திலிருந்து எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, ஓடக்கூடிய நிரலை, முறைமையின் எண்ணைப் பார்த்து ஓட மறுக்கும்படி செய்வது இருக்கிறதே, அதை மட்டும் மன்னிக்கவே முடியாது. பொறுப்பேற்காமல் விடுவது வேறு, வாசலை அடைப்பது வேறு.

லினக்ஸ் கருநிரல் (kernel) 2013-இல் வந்த 3.8-ஆம் பதிப்போடு இன்டெலின் பழைய 386 வகை நுண்செயலிகளை விட்டது. அதற்காக அழுதவர் யாரையும் நான் பார்க்கவில்லை. பாரம் சுமக்கிறவனுக்கும் ஒரு எல்லை வேண்டும் அண்ணே.

பழைய மடிக்கணினி எழுதியது:

சரி, வாசலை அடைக்க மாட்டீர்கள் என்றால் அதையே எழுதுங்களேன். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டே: இப்போது கையில் இருப்பது ஓடுமா, இனித் திருத்தம் வருமா. உங்கள் பெயர்ச்சொல் எதுவும் இதைச் சொல்லவில்லை.

வகுப்பாசிரியை எழுதியது:

இவர் சொல்வதுதான் சரி. பெட்டியில் கலைச்சொல்லே வேண்டாம், வாக்கியமாகச் சொல்லிவிடலாம்.

இடையில் ஒரு கேள்வி: இயக்க முறைமையா, இயங்குதளமா? ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் ஒன்று. இலங்கைப் பாடநூல்களில் பணிசெயல் முறைமை.

குற்றியலுகரம் எழுதியது:

இயங்குதளம் என்றால் தளம் இயங்குகிறது. இயங்குவது செயலி, இயக்குவது முறைமை. தன்வினையையும் பிறவினையையும் குழப்பினால்…

மொழியாக்க அணி எழுதியது:

ஐயா, மன்னிக்கவும், அதைத் தனி இழையில் தொடருங்கள். நாளை வெள்ளி.

இதுவரை பேசியதை வைத்து நான் எடுத்திருப்பது: அட்டவணைத் தலைப்பு ‘ஆதரவு நிறுத்தம்’. பேண்காலத்துக்கு இரண்டு வாக்கு, காலாவதிக்கு ஒன்று, கைவிடலுக்கு ஒன்று, ஆதரவு நிறுத்தத்துக்கு ஐந்து, அதில் மூவர் ‘சரி, ஏதோ ஒன்று’ என்று எழுதியிருக்கிறார்கள், அதையும் வாக்காகவே எண்ணிக்கொண்டேன். பெட்டியில்: ‘விண்டோஸ் 7-இல் இயங்கும் கடைசிப் பதிப்பு இதுவே. இதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆனால் இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரா.’ இறுதிப் பதிப்பு என்று முதலில் ஒருவர் போட்டிருந்தார், ‘இறுதி’ சடங்கை நினைவூட்டுகிறது என்று இருவர் சொன்னதால் ‘கடைசி’.

பழைய மடிக்கணினி எழுதியது:

வாக்கியம் புரிகிறது. ‘வரா’ மட்டும் எழுத்துப்பிழை போலத் தெரிகிறது. ‘வராது’ தானே?

குற்றியலுகரம் எழுதியது:

திருத்தங்கள் பன்மை. திருத்தம் வராது, திருத்தங்கள் வரா. இதையும் விட்டுக்கொடுக்கச் சொல்வீர்கள் போல. ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல’ என்று நன்னூலில் பவணந்தியார் சொன்னதை இங்கே யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள், தெரியும். கால வகையினானே என்றார், வெள்ளிக்கிழமைக் கெடுவினானே என்று சொல்லவில்லை. ஆதரவு நிறுத்தத்துக்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.

மொழியாக்க அணி எழுதியது:

பதிவு செய்தாயிற்று ஐயா. ‘பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இனி வராது’ என்று ஒருமையாக மாற்றிக் கோப்பை அனுப்பிவிட்டேன்.

கலிப்பா ரசிகர் எழுதியது:

‘எதுவும் வராது’ என்பதில் எதுவும் ஒருமையா, பன்மையா?